கோவை ஏர்போர்ட்டிலிருந்து கொச்சி ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவிநாசியில் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறேன். துபாய், தோஹா, மஸ்கட் என்று போகிறவர்கள் கொச்சியில் விமானம் ஏறுவதற்காக என்னிடம் டிக்கெட் போடுகிறார்கள். போட்டு முடித்து, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போதுதான் கேள்விகள் ஆரம்பிக்கும். "ஏனுங், அங்க போறதுக்கு எத்தன நேரமாகும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் தூரத்தைச் சொல்லுங்கள். எத்தனை கிலோமீட்டர்?

கோவை ஏர்போர்ட் இருப்பது பீளமேடு தாண்டி, அவிநாசி ரோட்டில், சித்ரா பக்கம். கொச்சி ஏர்போர்ட் இருப்பது நெடும்பாசேரியில். சாலை வழியாக இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 175 கிலோமீட்டர்.

காரில் எவ்வளவு நேரம்?

ராத்திரி என்றால் மூன்றரை மணி நேரம். பகலில் நாலு, நாலரை. திருச்சூர் பக்கம் வண்டி நின்றுவிட்டால் ஐந்துக்கும் மேலே போகும். என்னிடம் கேட்டால் நாலரை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்வேன். மூன்றரையில் போனேன் என்று சொல்கிற ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அவர் ஒருமுறை அப்படிப் போயிருப்பார், அவ்வளவுதான்.

எந்த வழி?

ஒரே ரோடு. சேலத்திலிருந்து கொச்சி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 544. பெரியவர்கள் இன்னும் 47 என்றுதான் சொல்வார்கள், பழைய எண் அது. அவிநாசி, திருப்பூர் பக்கமிருந்து வருகிறவர்கள் கோவை ஏர்போர்ட் வரை போக வேண்டியதே இல்லை. அதற்கு முன்பே நீலாம்பூரில் இடது பக்கம் பைபாஸ் பிரிகிறது. 28 கிலோமீட்டர் ஓடி மதுக்கரையில் விடும். ஊருக்குள் புகுந்து உக்கடம் வழியாகப் போகலாம் என்று டிரைவர் சொன்னால், அவருக்கு உக்கடத்தில் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

மதுக்கரைக்கு அப்புறம் வாளையாறு. அங்கே எல்லை. வாளையாறிலிருந்து வடக்கஞ்சேரி வரை 54 கிலோமீட்டர், நல்ல நாலு வழிச் சாலை, பாலக்காட்டை ஒட்டிப் போகும். வண்டி இங்கே பிடிக்கிற வேகத்தைப் பார்த்து "சீக்கிரம் போயிருவோம்" என்று நம்பிவிடக் கூடாது. வடக்கஞ்சேரியிலிருந்து மண்ணுத்தி வரை 28 கிலோமீட்டர், அதில்தான் குதிரான் சுரங்கம். மண்ணுத்தியிலிருந்து அங்கமாலி வரை 40 கிலோமீட்டர். மொத்தப் பயணத்தில் மனுசனைச் சோதிக்கிற 40 இதுதான். கொடகரை, சாலக்குடி, கொரட்டி என்று ஊர்கள் நெருக்கமாக இருக்கும். சந்திப்புகளில் கீழ்ப்பாலம் கட்டும் வேலைக்காக வண்டிகளைச் சர்வீஸ் ரோட்டில் திருப்பிவிட்டு, ஒரு கிலோமீட்டர் தாண்ட அரை மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. ரோடு இருந்த லட்சணத்தைப் பார்த்து, 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியக்கரை டோலில் வசூலையே நிறுத்தி வைத்தது. அக்டோபரில்தான் மறுபடி வசூலிக்க விட்டார்கள்.

அங்கமாலி தாண்டியதும் அத்தாணியில் இடது பக்கம் திரும்பினால் ஏர்போர்ட்.

குதிரானில் இன்னும் டிராஃபிக் ஜாம் ஆகுமா?

அந்தக் காலம் போய்விட்டது. பழைய குதிரான் மலைப்பாதையில் லாரி ஒன்று மூச்சு வாங்கி நின்றால் போதும், பின்னால் இரண்டு மணி நேரம் வரிசை நிற்கும். விமானத்தைத் தவறவிட்டேன் என்று சொல்கிறவர்களிடம் எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் குதிரான் என்பார்கள். 2021 ஜூலை கடைசியில் சுரங்கத்தின் ஒரு குழாயைத் திறந்தார்கள், 2022 ஜனவரியில் இன்னொன்று. நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே போய் வெளியே வர ஒரு நிமிடம். ஏற்றத்தில் அரை மணி, முக்கால் மணி என்று இழுத்த இடம் அது. மேலே போன பழைய ரோட்டில் சாஸ்தா கோயில் உண்டு. காசு போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகும் பழக்கமுள்ள டிரைவர்கள் இப்போது சுரங்கத்துக்குள் நுழையும்போது ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

மேப்பில் நூல் பிடித்தாற்போல் அளந்தால் 120 கிலோமீட்டர்தானே காட்டுகிறது?

சரிதான். நேர்கோட்டில் சுமார் 120. நடுவே மலை இருப்பதால் ரோடு பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, திருச்சூரைச் சுற்றி, தெற்கே இறங்குகிறது. அதனால் 55 கிலோமீட்டர் கூடுதல். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம், நெடும்பாசேரி பத்து மீட்டர்கூட இல்லை. போகும்போது மொத்தத்தில் இறக்கம், வரும்போது ஏற்றம்.

அப்படியானால் கோவையிலிருந்து கொச்சிக்கு விமானத்திலேயே போய்விடலாமே?

இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊருக்கு நேர் விமானம் கட்டுப்படியாகாது. வானத்தில் 120 கிலோமீட்டர் என்பது ஜெட்டுக்கு ஒன்றுமே இல்லை, மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டும். டிக்கெட் தளத்தில் தேடினால் பெங்களூரு வழி, சென்னை வழி என்று ஆறேழு மணி நேரக் கணக்குக் காட்டும். கிழக்கே போய் மேற்கே வருகிற வேலை. அதற்குள் காரில் போய்விட்டுத் திரும்பியே வந்துவிடலாம். சேலத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் 2023 அக்டோபரில் சேலம்–கொச்சி சிறு விமானம் தொடங்கினார்கள். போக வேண்டிய நாளில் அது ஓடுகிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

நம்ம ஊரிலேயே ஏர்போர்ட் இருக்கும்போது எதற்குக் கொச்சி?

எல்லோரும் ஆற்றாமையோடு கேட்கும் கேள்வி. கோவையிலிருந்து வெளிநாடு என்றால் ஷார்ஜா, சிங்கப்பூர், 2024-இலிருந்து அபுதாபி. அந்த ஊர்தான் உங்கள் ஊர் என்றால் கோவையை விட்டு எங்கும் போகாதீர்கள். விலை இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும் கார் வாடகையில் அது திரும்பி வந்துவிடும். தோஹா, மஸ்கட், ஜித்தா, குவைத் என்றால் கொச்சியில் நேர் விமானம் கிடைக்கும், விலையும் பெரும்பாலும் குறைவு.

ஓடுபாதை நீளத்தைப் பாருங்கள். கோவையில் 3,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, கொச்சியில் 3,400. கொச்சி ஏர்போர்ட் 1999-இல் திறந்தது. அரசு, தனியார், வெளிநாட்டில் இருந்த மலையாளிகள் எல்லோரும் பணம் போட்டுக் கட்டியது. கோவை ஏர்போர்ட் 1940-இலிருந்து இருக்கிறது. விரிவாக்கத்துக்கு 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கிற வேலையே பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. நிலம் கொடுத்தவர்களில் என் வாடிக்கையாளர்களே இருக்கிறார்கள் என்பதால் இதற்கு மேல் நான் பேசுவதில்லை.

எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?

இதுதான் உண்மையான கேள்வி. தூரத்தைக் கேட்டுக் கிளம்பாதீர்கள், கவுண்டர் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள்.

வெளிநாட்டு விமானம் அதிகாலை 4.15 என்று வைப்போம். லக்கேஜ் போடும் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு 60 நிமிடத்துக்கு முன்பு மூடுவார்கள். சில நிறுவனங்களில் 75 நிமிடம். ஆக 3 மணிக்கு மேல் நீங்கள் போய் நின்றால், விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள். கவுண்டர் வரிசை, இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாம் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு முன்பு வரச் சொல்வது சும்மா இல்லை. ஆக 1.15-க்கு ஏர்போர்ட் வாசலில் இருக்க வேண்டும். அதிலிருந்து ரோட்டுக்கு நாலு மணி நேரத்தைக் கழித்தால் 9.15. டீ, டீசல், ஒதுங்குவதற்கு என்று அரை மணி: 8.45. திருச்சூர் பக்கத்துக் கீழ்ப்பால வேலைக்காக முக்கால் மணி: 8.00. இது நீலாம்பூரைத் தாண்ட வேண்டிய நேரம். அவிநாசியிலிருந்து என்றால் இன்னும் அரை மணி சேர்த்து, ராத்திரி 7.30-க்கு வண்டி நகர வேண்டும். பொழுதோட சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

"அவ்வளவு வெள்ளெனப் போய் என்ன பண்றது?" என்பார்கள். ஏர்போர்ட்டுக்குள் நாற்காலி இருக்கிறது, உட்காருங்கள். ரோட்டில் உட்காருவதைவிட அது மேல்.

டிக்கெட்டில் 12-ஆம் தேதி 00.40 என்று இருக்கிறது. எந்த நாள் ராத்திரி?

11-ஆம் தேதி ராத்திரி. கிளம்ப வேண்டியது 11-ஆம் தேதி மத்தியானம் 3 மணிக்குப் பக்கமாக.

இது என் கடையிலேயே நடந்த தப்பு, அதனால் சொல்கிறேன். தெரிந்த அண்ணன் ஒருவர், மஸ்கட்டுக்கு டிக்கெட். வியாழக்கிழமை 00.40. காகிதத்தில் தேதியையும் நேரத்தையும் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு, பெரிய வேலை செய்த மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கடை ஷட்டரை இறக்கும்போது ஏதோ தோன்றிப் போன் போட்டேன். "அண்ணா, எங்க வந்துட்டீங்க? குதிரான் தாண்டியாச்சா?" எதிர்ப்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம். "நாளைக்குத்தானுங்களே ஃபிளைட்டு, நான் வாழைக்குத் தண்ணி கட்டிட்டு இருக்கறேனுங்." கவுண்டர் மூட இரண்டரை மணி நேரம், ரோடு நாலு மணி நேரம். பறந்தாலும் முடியாது. புது டிக்கெட் வாங்கினோம், பாதிக் காசு என்னுடையது. அன்றிலிருந்து நான் தேதி எழுதுவதில்லை. "புதன் ராத்திரி விடிஞ்சா வியாழன்" என்று சிவப்புப் பேனாவில் எழுதிக் கொடுக்கிறேன். நீங்களும் வீட்டுக் காலண்டரில் அப்படியே எழுதுங்கள்.

துபாய் டிக்கெட்டில் போகும்போது இரண்டரை மணி நேரம்தான் காட்டுகிறது, வரும்போது ஐந்தரை மணி நேரமா? எப்படி?

டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. ஐக்கிய அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். இரண்டையும் அப்படியே கழித்தால் போகும்போது ஒன்றரை மணி குறைந்தும் வரும்போது கூடியும் தெரியும். உண்மையில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ நாலு மணி நேரம்தான். போகும்போது பெரும்பாலும் கால் மணி, அரை மணி கூடுதல் ஆகும், ஏனென்றால் உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று எதிர்க்காற்றாக இருக்கும். வரும்போது அதே காற்று தள்ளிவிடும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், அங்கே கணக்கு தலைகீழ்.

ரயிலில் போகலாமா?

தனி ஆள், ஒரே பெட்டி என்றால் தாராளமாக. கோவை ஜங்ஷனிலிருந்து ஆலுவாவுக்கு மூன்றரை முதல் நாலரை மணி நேரம். திருப்பூர், ஈரோட்டில் ஏறினாலும் அதே வண்டிதான். அங்கமாலி ஸ்டேஷன் ஏர்போர்ட்டுக்கு இன்னும் கிட்டம். பெயர்ப்பலகையில் 'அங்கமாலி ஃபார் காலடி' என்று இருக்கும், ஆதிசங்கரர் பிறந்த காலடி பக்கத்தில்தான். ஆனால் எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்காது. 2025 நவம்பரில் வந்த எர்ணாகுளம்–பெங்களூரு வந்தே பாரத் இரண்டு ஊரிலுமே நிற்காது. திருச்சூரில் இறங்க வேண்டும், அல்லது எர்ணாகுளம் போய்த் திரும்ப வேண்டும். ஆலுவா மெட்ரோ நிலையத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு மின்சார பஸ் ஓடுகிறது. பின்னிரவில் ஆட்டோவோ டாக்ஸியோதான்.

ரயிலுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகவே வையுங்கள். மதுக்கரை–வாளையாறு காட்டில் யானை கடக்கும் இடம் என்று ராத்திரியில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள்.

பஸ்?

போகலாம். எர்ணாகுளம் போகிற கேரள அரசு பஸ்ஸில் ஏறி அங்கமாலியில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். பெரிய பெட்டி இரண்டு இருந்தால் வேண்டாம்.

நாங்கள் பொள்ளாச்சி. கோவை வந்துதான் போக வேண்டுமா?

வேண்டாம். மீனாட்சிபுரம், கொல்லங்கோடு, நென்மாறை வழியாக வடக்கஞ்சேரியில் போய் ஹைவேயைப் பிடியுங்கள். தென்னந்தோப்பும் வயலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான ரோடு, ஆனால் குறுகல். ராத்திரியில் பழக்கமான டிரைவர் வேண்டும். உடுமலைக்காரர்களுக்கும் இதுவே. வால்பாறையில் இருப்பவர்கள் மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடியில் இறங்கலாம் என்று மேப் காட்டும். அது காட்டு வழி, செக்போஸ்ட்டை ராத்திரி மூடிவிடுவார்கள். விமானத்துக்குப் போகிற நாளில் அந்த ஆசை வேண்டாம்.

மேப்பில் 'கொச்சி' என்று போட்டால் போதுமா?

போதாது. நகரத்துக்குள் கொண்டுபோய் விடும், ஏர்போர்ட்டிலிருந்து அது 30 கிலோமீட்டர் தள்ளி. 'நெடும்பாசேரி' என்று தேடுங்கள். வெளிநாடு என்றால் டெர்மினல் 3, உள்நாடு என்றால் டெர்மினல் 1. கார் நிறுத்தும் இடத்துக்கு மேலேயே சோலார் பலகைகள் கூரை மாதிரி நிற்பதைப் பார்த்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். 2015-இலிருந்து ஏர்போர்ட்டுக்கு வேண்டிய கரண்ட் முழுவதையும் வெயிலில்தான் எடுக்கிறார்கள்.

டாக்ஸி வாடகையை எப்படிக் கணக்கிடுவார்கள்?

டிராப் மட்டும் என்றாலும் போக வர இரண்டுக்கும் சேர்த்து 350 கிலோமீட்டர் என்றுதான் போடுவார்கள், வண்டி காலியாகத் திரும்ப வேண்டுமே. டிரைவர் பேட்டா தனி. டோல் தனி: கேரளாவுக்குள் மட்டும் வாளையாறு தாண்டி பாம்பாம்பள்ளம், பன்னியங்கரை, பாலியக்கரை என்று மூன்று. கேரளா பெர்மிட் வாடகைக்குள் அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள். வாளையாறில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வி அல்ல அது. காசு மிச்சம் என்று தெரிந்தவர் சொந்த வண்டியை வாடகைக்கு எடுக்க வேண்டாம், வெள்ளை போர்டு வண்டியை மடக்கினால் உங்கள் விமானம் காத்திருக்காது.

எந்த நாட்களில் கூடுதல் நேரம் வைக்க வேண்டும்?

கார்த்திகை, மார்கழி முழுக்க. சபரிமலைக்குப் போகும் வண்டிகள் இதே ரோட்டில்தான். ஓணத்துக்கு முந்தின இரண்டு நாள். திருச்சூர் பூரம் அன்று. ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் மழை கொட்டும், இந்தப் பக்கம் நமக்குக் காற்று மட்டும்தான். வாளையாறு தாண்டியதும் வைப்பர் போட வேண்டியிருந்தால் அரை மணி கூடிவிட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஹர்த்தாலையும் பாருங்கள், கேரளாவில் பந்த்துக்கு அதுதான் பெயர். முன்பெல்லாம் ராத்திரி அறிவித்துக் காலையில் ரோட்டை மறிப்பார்கள். 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஏர்போர்ட் வண்டிகளைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். டிக்கெட் காகிதம் கையில் இருக்கட்டும்.

கொச்சியில் இறங்க வேண்டிய விமானம் கோவையில் இறங்கிவிட்டால்?

மழைக் காலத்தில் நடப்பதுதான். நெடும்பாசேரியில் ஓடுபாதை தெரியவில்லை என்றால் கோவைக்குத் திருப்பிவிடுவார்கள். நம்ம ஊர் ஆட்கள் ஜன்னல் வழியாக அவிநாசி ரோட்டைப் பார்த்து "இங்கயே எறக்கி விட்டுருங்க" என்று கெஞ்சுவார்கள். இறக்குவது அவர்கள் கையில்கூட இல்லை, வெளிநாட்டு விமானம் என்றால் இமிக்ரேஷன், சுங்கம், லக்கேஜ் எல்லாம் அங்கே ஏற்பாடாக வேண்டும். பெரும்பாலும் வானம் தெளிந்ததும் மறுபடி கொச்சிக்கே கொண்டுபோவார்கள். பிறகு நாலு மணி நேரம் காரில் திரும்பி வர வேண்டியதுதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஏர்போர்ட்டே முழுகி, 15-ஆம் தேதியிலிருந்து 29 வரை மூடிக் கிடந்தது. நடுவில் கொச்சிக் கடற்படைத் தளத்திலிருந்து சிறு விமானங்களை மட்டும் விட்டார்கள்.

சென்னையிலிருந்து கோவைக்கு விமானத்தில் வந்து, காரில் போய்க் கொச்சியில் ஏறலாமா? நடுவில் எத்தனை மணி நேரம் வேண்டும்?

தனித்தனி டிக்கெட் என்றால் ஒன்று தாமதமானதற்கு இன்னொன்று பொறுப்பேற்காது. ரோடு நாலரை, முன்கூட்டி மூன்று, கோவையில் பெட்டி வர அரை மணி: எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக வைத்தால் நான் டிக்கெட் போட்டுத் தர மாட்டேன்.

பெட்டியில் கொப்பரை வைக்கலாமா?

தூரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள், கவுண்டரில் நேரம் போவதே இதில்தான். காங்கேயத்துக் கொப்பரையை ஆசையாக அட்டைப் பெட்டியில் அடுக்கி, மேலே கயிறு கட்டி, மார்க்கரில் பெயர் எழுதிக் கொண்டுவருவார்கள். கொப்பரை எண்ணெய்ப் பசையுள்ள பொருள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்று விமான விதிகளில் இருக்கிறது. ஸ்கேனில் தெரிந்ததும் கூப்பிட்டு, கயிற்றை அறுத்து, பெட்டியைக் கொட்டச் சொல்வார்கள். மறுபடி கட்டக் கயிறும் இருக்காது, டேப்பும் இருக்காது. முறுக்கு, மிளகாய்ப்பொடி, நாட்டுச் சர்க்கரை கொண்டுபோங்கள்.

வழியனுப்ப எத்தனை பேர் வரலாம்?

வேனில் பன்னிரண்டு சீட் இருக்கிறது என்பதற்காகப் பன்னிரண்டு ஒறம்பரையும் ஏற வேண்டியதில்லை. டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள். வாசலில் பத்து நிமிடம் நின்று கையாட்டிவிட்டு, ராத்திரி முழுக்கத் தூங்காத டிரைவரோடு 175 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். அந்த டிரைவர் அங்கமாலியில் ஒரு மணி நேரம் சீட்டைச் சாய்த்துப் படுக்கிறேன் என்றால் விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

எங்கள் வீதியில் ஓர் அமுச்சி இருக்கிறார். பேரன் போகும்போதெல்லாம் அவிநாசியப்பர் கோயில் தேர் நிற்கும் இடத்தோடு நின்றுகொள்வார். வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லி, ஜன்னல் வழியாகத் திருநீறு பூசிவிட்டு, "எறங்குனதும் போன் போடு சாமி" என்று சொல்லித் திரும்பி நடந்துவிடுவார். அவர் சீட்டில் முறுக்கு டின் போகும்.